சம்மனை வாங்கிப் போனவர் வக்கீலே இல்லையாம்; என் வழக்கு என்ன ஆகும்?

கேள்வி: அப்பா வாங்கிய வீடு தனக்கு மட்டுமே சொந்தம் என்று என் அண்ணன் வழக்குப் போட்டிருக்கிறார். எட்டு மாதத்துக்கு முன்பு சம்மன் வந்தது. கோர்ட் வாசலில் கறுப்பு கோட்டுடன் நின்ற ஒருவர், தான் வக்கீல் என்றார். சம்மனையும் 45,000 ரூபாயையும் வாங்கிக்கொண்டு, எழுதாத முத்திரைத்தாள் இரண்டில் கையெழுத்தும் வாங்கினார். கேட்டால் “வாய்தா போட்டிருக்கு” என்பார். இப்போது “பவர் எழுதிக் கொடுங்க, நீங்க கோர்ட்டுக்கே வர வேண்டாம்” என்கிறார். அவர் வெறும் புரோக்கர் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். வழக்கு செல்லாமல் போய்விடுமா? என் மேல் நடவடிக்கை வருமா?

பதில்: உங்கள் மேல் எதுவும் வராது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 45ஆம் பிரிவு, உரிமை இல்லாமல் வழக்கு நடத்துகிறவருக்குத்தான் ஆறு மாதம் வரை சிறை என்கிறது. அவரை நம்பி ஏமாந்தவரை அந்தச் சட்டம் தொடுவதில்லை.

ஆனால் அந்த ஆளைப் பிடிப்பது அப்புறம். முதலில் வழக்கு எந்த நிலையில் கிடக்கிறது என்று பாருங்கள். நீதிமன்றங்களுக்கான ‘ஈகோர்ட்ஸ்’ தளத்திலோ செல்போன் செயலியிலோ உங்கள் பெயரையும் ஆண்டையும் போட்டுத் தேடலாம். சம்மன் நகல் இருந்தால் அதிலுள்ள வழக்கு எண்ணைப் போடுங்கள். எழுத்தும் எண்ணும் கலந்து 16 இடம் கொண்ட சி.என்.ஆர். எண், அதாவது ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண், தெரிந்தால் இன்னும் சுலபம். அடுத்த வாய்தா தேதி, உங்கள் தரப்பில் எந்த வக்கீல் பெயர், என்ன உத்தரவு எல்லாம் அதில் இருக்கும். செல்போனில் பார்க்கத் தெரியாவிட்டால் அந்தக் கோர்ட்டுக்கே நேரில் போய்க் கேளுங்கள். உங்கள் வழக்கைப் பற்றிக் கேட்க உங்களுக்கு இடைத்தரகர் தேவையில்லை.

அங்கே வேறு ஒரு வக்கீலின் பெயர் இருந்தால் பாதி நிம்மதி. இந்த ஆள் உங்கள் வக்காலத்தை (உங்களுக்காக ஆஜராக வக்கீலுக்கு நீங்கள் தரும் அதிகாரப் படிவம்) ஒரு நிஜ வக்கீலிடம் கொடுத்துவிட்டு நடுவில் காசு பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த வக்கீலை நேரில் பாருங்கள், புரோக்கரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். இந்த ஆளே ஏதாவது தாக்கல் செய்திருந்தாலும் வழக்கு அதோடு முடிந்துவிடாது. வக்காலத்திலோ கையெழுத்திலோ உள்ள குறை சரிசெய்யக்கூடியதுதான் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

யார் பெயருமே இல்லை என்றால்தான் அவசரம். சம்மன் கிடைத்த 30 நாளில் பதிலுரை போட வேண்டும், கோர்ட் அதை 90 நாள் வரை நீட்டிக்கலாம். அதுவும் தாண்டி எட்டு மாதம் ஆகிவிட்டதால் எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைப்பட்சத் தீர்ப்பே வந்திருக்கலாம். வந்திருந்தால் தீர்ப்புத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்ய மனு போட வேண்டும். அந்த 30 நாளும் போயிருந்தால், தாமதத்தை மன்னிக்கக் கேட்டு, காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் இன்னொரு மனு சேர்த்துப் போட வேண்டும். போலி ஆளிடம் ஏமாந்தேன் என்பது கோர்ட் காதில் ஏறக்கூடிய காரணம்தான். ஆனால் உண்மை தெரிந்த பிறகு நீங்கள் சும்மா இருந்த ஒவ்வொரு வாரத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். இன்றைக்கு உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

சரி, ஒருவர் வக்கீல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கோட்டு கடையில் கிடைக்கும். விசிட்டிங் கார்டு, வண்டியில் ஸ்டிக்கர், எதுவும் சாட்சி இல்லை. பி.எல். படித்திருந்தாலே போதாது, பார் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் தரும் பதிவு எண்ணில் ‘எம்.எஸ்.’ என்ற எழுத்துகளும் ஒரு எண்ணும் பதிவான ஆண்டும் இருக்கும். அதைக் கேளுங்கள். கேட்டால் நிஜ வக்கீல் கோபப்பட மாட்டார். எண்ணைச் சொல்லிவிட்டால் மட்டும் நம்பிவிடாதீர்கள். 2021இல் கேரளத்தின் ஆலப்புழாவில், வேறொருவரின் பதிவு எண்ணை வைத்துக்கொண்டு ஒருவர் வக்கீலாக வலம் வந்தார் என்று புகார் எழுந்தது. வக்கீல் சங்கத் தேர்தலில் ஜெயித்துப் பதவியிலும் இருந்தாராம். கூட நின்ற வக்கீல்களுக்கே தெரியவில்லை என்றால் உங்களைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? அதனால் பெயர், எண் இரண்டையும் எழுதி, இரண்டும் ஒரே ஆளுடையதா என்று பார் கவுன்சிலிடம் கேளுங்கள்.

இப்போது அந்த முத்திரைத்தாள். எனக்கு வயிற்றைக் கலக்குவது இதுதான், 45,000 ரூபாய் இல்லை. எழுதாத தாளில் போட்ட கையெழுத்துக்கு மேலே கடன் பத்திரம் எழுதலாம், அண்ணனோடு சமரசம் ஆகிவிட்டதாக எழுதலாம், விற்பனை ஒப்பந்தமே எழுதலாம். எந்த நிஜ வக்கீலுக்கும் உங்கள் வெற்றுத்தாள் கையெழுத்து தேவைப்படாது. வக்காலத்து அச்சடித்த படிவம், அதில் வழக்கு எண்ணும் வக்கீல் பெயரும் நிரப்பிய பிறகு கையெழுத்துப் போடலாம். “ஜட்ஜைத் தெரியும்”, “ஆபீசுக்குக் கொடுக்கணும்”, “ரசீது எல்லாம் கேட்காதீங்க” என்று பேசுகிறவரிடம் இனிமேல் ஒரு பேனாவைக்கூடக் கொடுக்காதீர்கள். எந்தத் தேதியில் எத்தனை தாளில் கையெழுத்து வாங்கினார், அவற்றை எதற்கும் பயன்படுத்த நீங்கள் சம்மதிக்கவில்லை என்று எழுதி, அவருக்குக் கிடைத்ததற்கு அத்தாட்சி வரும்படி, பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். போலீஸ் புகாரிலும் இதே விவரம் வர வேண்டும்.

அடுத்தது பவர். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி உண்மை இதில் இருக்கிறது. சிவில் வழக்கில் உங்களுடைய பவர் ஏஜென்ட் உங்களுக்காக மனுத் தாக்கல் செய்யலாம், காகிதம் வாங்கலாம், ஆஜராகவும் செய்யலாம். இதைச் சொல்லித்தான் ஆட்களை மயக்குகிறார்கள். ஆனால் உங்களுக்காக எழுந்து வாதாடுவது வக்கீலின் வேலை. பவர் பத்திரம் யாரையும் வக்கீலாக்காது. ஒரு குறிப்பிட்ட வழக்கில் வக்கீல் அல்லாதவரை அனுமதிக்க கோர்ட்டுக்கு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 32ஆம் பிரிவில் அதிகாரம் உண்டு, ஆனால் அது நீதிபதி மனம் வைத்துத் தருவது. கிரிமினல் வழக்கிலும் அப்படித்தான், கோர்ட் அனுமதி இல்லாமல் பவர் ஏஜென்ட் குற்றம்சாட்டப்பட்டவருக்காக வாதாட முடியாது என்று 1999இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாட்சிக் கூண்டு இன்னொரு சிக்கல். அப்பா என்ன சொன்னார், வீடு கட்டப் பணம் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் உங்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம். அதை உங்கள் பவர் ஏஜென்ட் உங்களுக்குப் பதிலாகச் சாட்சி சொல்ல முடியாது. 2004இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இது. வெளிநாட்டில் இருக்கிற மகள் சொந்த அம்மாவுக்கு பவர் கொடுப்பது வேறு. கோர்ட் வாசலில் பார்த்த ஆளுக்கு, அதுவும் வீட்டைப் பற்றிய வழக்கில், பவர் கொடுத்தால் வீட்டையும் சேர்த்துக் கொடுத்த மாதிரிதான்.

பணத்துக்கு வருவோம். இங்கேதான் எனக்கே எரிச்சல் வரும். பார் கவுன்சிலுக்குப் போனால் “அவர் எங்கள் பட்டியலில் இல்லை, நாங்கள் என்ன செய்ய முடியும்” என்பார்கள். சட்டப்படி அது சரிதான், பதிவு செய்த வக்கீல்மீதுதான் அவர்கள் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடியும். போலீசுக்குப் போனால் “வக்கீல் விவகாரம், பார் கவுன்சிலுக்குப் போங்க” என்பார்கள். நடுவில் நீங்கள் பஸ் டிக்கெட் வாங்கிக்கொண்டிருப்பீர்கள். 45ஆம் பிரிவும் கோர்ட்டிலோ அதிகாரி முன்போ வழக்கு நடத்தினால்தான் பொருந்தும், வாசலில் நின்று காசு வாங்கினவருக்குப் பொருத்துவது கஷ்டம். கோர்ட் புரோக்கர்களைப் பட்டியல் போட 2023இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பட்டியலில் பெயர் வந்த பிறகும் புரோக்கர் வேலை பார்த்தால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 500 ரூபாய்! உங்களிடம் ஒரு காகிதத்துக்கே அதைவிட அதிகம் வாங்கியிருப்பார்.

ஆகவே புகாரை மோசடி என்றே எழுதுங்கள். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318, 319 பிரிவுகள், அதாவது ஏமாற்றுதலும் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுதலும். அவர் பேசின ஆடியோ, வாட்ஸ்அப் செய்தி, ஜிபே கணக்கு எதையும் அழிக்க வேண்டாம். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் புகாரைத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போடலாம்.

வக்கீலுக்கு இனி எங்கே பணம் என்று யோசிக்க வேண்டாம். நீங்கள் பெண் என்றால், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். சம்மன் நகல், ஆதார், வழக்கு நிலவரத்தின் பிரிண்ட், அந்த ஆளுக்கு அனுப்பிய கடிதத்தின் நகல் இவற்றோடு திங்கள்கிழமையே போங்கள். எக்ஸ்பார்ட்டி ஆகியிருந்தால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.