முப்பது நாள் லீவு

அன்புள்ள ஐயா,
ஈராக் போரின்போது ஒப்பந்தக் காலம் முடிந்தும் 'ஸ்டாப் லாஸ்' என்று நிறுத்திவைக்கப்பட்ட அமெரிக்க வீரர்களுக்குப் பிற்பாடு, நிறுத்திவைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் 500 டாலர் கொடுத்தார்கள். தானாக மறுபடி கையெழுத்திட்டு போனஸ் வாங்கியவர்களுக்கு அது கிடையாது. இது நியாயமா? எனக்கென்னவோ கையெழுத்துப் போட்டுவிட்டுப் புலம்புவதே தப்பு என்று படுகிறது. (என் மகன் போன மாதம் ராணுவத்தில் சேர்ந்தான்.)
ஆர்., டெக்சாஸ்

அன்புள்ள ஆர்.,

முதலில் சொல்லவேண்டியதை அடைப்புக்குறிக்குள் ஒளித்துவைத்திருக்கிறீர்கள். பையனுக்கு என் அன்பு.

போனஸ் கணக்கை விடுங்கள், ஒரே காலத்துக்கு இரண்டு தொகை எதற்கு என்று நினைத்திருப்பார்கள். ஆனால் புலம்பல் என்றீர்களே, அதுதான் எரிச்சல். சட்டம் இடம் கொடுத்தது, சரி. வழக்குப் போட்ட ஓரிகன் சார்ஜென்ட் 2005இல் தோற்கவும் செய்தார். அப்படியானால் 2009இல் அமெரிக்க காங்கிரஸ் ஏன் 2001 செப்டம்பர் வரை பின்னால் போய்ப் பணம் ஒதுக்கியது? உறுத்தியிருக்கிறது, வேறென்ன.

எனக்குக் கொஞ்ச நாளாக மண்டைக்குள் ஓடுவது அவர்களுடைய உள்நாட்டுப் போர். 1861இல் மூன்று வருடத்துக்குச் சேர்ந்த, லிங்கன் பக்கம் நின்ற வடக்கு மாநில வீரர்களின் காலம் 1864இல் முடிகிறது, போர் முடியவில்லை. லிங்கன் அரசு அவர்களைப் பிடித்துவைக்கவில்லை. மறுபடி சேர்ந்தால் 400 டாலர், குறைந்தது 30 நாள் லீவு, சட்டைக் கையில் ஒரு பட்டை. கௌரவமான ஏற்பாடுதானே? விஷமம் அடுத்த வரியில். ரெஜிமென்ட்டில், அதாவது அவர்களுடைய படைப்பிரிவில், முக்கால்வாசிப் பேர் சம்மதித்தால்தான் எல்லாரும் சேர்ந்து ஊருக்குப் போகலாம், ரெஜிமென்ட்டின் பெயரும் நிலைக்கும். இதற்கப்புறம் அதிகாரி அதட்டவே வேண்டாம், இன்னும் நாலு பேர் குறைகிறது என்றால் கூடாரத்தில் பக்கத்தில் படுப்பவனே வந்து கெஞ்சுவான், அப்புறம் முறைப்பான். மாட்டேன் என்று நின்ற பலர் மிச்ச மாதங்களை வேறு ரெஜிமென்ட்டில், முகம் தெரியாத ஆட்களோடு கழித்தார்கள். ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள், ஊருக்குப் போய்வந்த எத்தனையோ பேர் அந்தக் கோடையிலேயே வர்ஜீனியாவிலும் ஜார்ஜியாவிலும் செத்தார்கள்.

பணத்தைக் காட்டி ஆளை இழுக்கட்டும், அது பேரம். மூன்று வருடம் சண்டை போட்டவனுக்கு வீட்டில் முப்பது நாள் என்பது ஏற்கெனவே அவனுக்குச் சேரவேண்டிய பாக்கி. அந்தப் பாக்கியையே விலையாக நீட்டி அவனுடைய அடுத்த மூன்று வருடத்தை வாங்கியதை நான் எந்தக் காலத்திலும் நியாயம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன், நீங்கள் எத்தனை கடிதம் எழுதினாலும் சரி.

உங்கள் பையனுக்கு வருடத்துக்கு 30 நாள் லீவு உண்டு. சேர்த்துவை, பிறகு உதவும் என்று அப்பா புத்தி சொல்லாதீர்கள். கிடைக்கும்போதெல்லாம் வரச்சொல்லுங்கள், வந்தவனிடம் ஒப்பந்தம் பற்றிப் பேசாதீர்கள்.