சொத்தைக்கு முன்னும் பின்னும்: பல் டாக்டரிடம் கேள்வி பதில்

தண்டையார்பேட்டையில் கிளினிக் வைத்திருக்கிறேன். பல்லைப் பற்றி எதையும் கேளுங்கள். போட்டோவைப் பார்த்து மாத்திரை மட்டும் சொல்ல மாட்டேன்.

புது வண்ணாரப்பேட்டை: தடுப்பு சிகிச்சை, சீரமைப்பு சிகிச்சை என்கிறார்களே, என்ன வித்தியாசம் டாக்டர்?

முதலாவது இருக்கிற பல்லைக் காப்பது. இரண்டாவது போன பகுதிக்கு ஈடு கட்டுவது. சொத்தை எடுத்த எடுப்பில் பள்ளமாக வராது. கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் விடும், எனாமலில் (பல்லின் மேலே இருக்கிற கெட்டியான ஓடு) உள்ள தாதுக்கள் கரையும், வெள்ளைத் திட்டு தெரியும். அந்தக் கட்டத்தில் எச்சிலும் பேஸ்டில் உள்ள ஃபுளோரைடும் சேர்ந்து அதைத் திரும்பக் கெட்டியாக்க முடியும். பள்ளம் விழுந்துவிட்டால் முடியாது, எனாமல் மறுபடி வளராது. அப்புறம் அடைப்புதான். நரம்பு வரை போனால் ரூட் கெனால் (உள்ளே இருக்கிற நரம்பை எடுத்துவிட்டு அடைப்பது), கடைவாய்ப் பல் என்றால் பெரும்பாலும் மேலே கேப், அதாவது உறை. அடைப்பும் சாசுவதம் இல்லை. ஓரத்தில் மறுபடி சொத்தை வரும், ஒவ்வொரு முறை மாற்றும்போதும் குழி பெரிதாகும். வலித்தால் பார்த்துக்கலாம் என்று இருக்காதீர்கள். எனாமலில் நரம்பே கிடையாது. வலிக்கும்போது சொத்தை உள்ளே இறங்கியிருக்கும்.

திருவொற்றியூர்: கிளீனிங் செய்தால் பல் ஆடுமாமே?

ஆடாது. காறை (பல்லில் கெட்டியாகப் படிந்த அழுக்கு) மறைத்து வைத்திருந்த சந்து வெளியே தெரியும், அவ்வளவுதான். கூச்சம் சில நாளில் அடங்கும்.

காசிமேடு: எங்க ஆயா கடைசிவரை கரியும் உப்பும்தான், ஒரு பல் விழவில்லை. பேஸ்ட் எல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம்தானே?

ஆயா ஒரு நாளைக்கு எத்தனை முறை பிஸ்கட்டும் கூல்டிரிங்க்ஸும் சாப்பிட்டார்? இனிப்பு எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லை அரிக்கும். கரி சொரசொரப்பு, எனாமலைத் தேய்க்கும். அதில் ஃபுளோரைடும் இல்லை. பேஸ்ட் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி, 1000 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 1000 பங்கு) குறையாமல் ஃபுளோரைடு இருக்கிறதா என்று பாருங்கள்.

வியாசர்பாடி: காசிமேட்டுக்காரர் சொல்வது சரிதான். ஆலும் வேலும் பல்லுக்குறுதி!

குச்சி வேறு, கரி வேறு. வேப்பங்குச்சியோடு எனக்குச் சண்டை இல்லை. ஈறைக் கிழிக்காமல் தேயுங்கள். ராத்திரி படுக்கும் முன் மட்டும் பேஸ்ட். துப்பிவிட்டு வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்காதீர்கள், ஃபுளோரைடு போய்விடும்.

காசிமேடு: அப்போ ஆயா சொன்னது பொய்யா?

ஆயாவை நான் ஒன்றும் சொல்லவில்லை சார். கரியைச் சொன்னேன்.

பெரம்பூர்: பால் பல் சொத்தை, விழத்தானே போகிறது?

பின்பக்கப் பால் பற்கள் 10, 12 வயது வரை இருக்கும். முன்னமே போனால் பக்கத்துப் பல் சாய்ந்து, புதுப் பல்லுக்கு இடம் இருக்காது. 6 வயதில் பல் வரிசையின் கடைசியில் முளைப்பது நிரந்தரப் பல். அதைப் பால் பல் என்று நினைத்தே பலர் கோட்டை விடுகிறார்கள். அதன் பள்ளங்களில் சீலன்ட் (சொத்தை வராமல் பள்ளத்தை மூடும் பூச்சு) பூசச் சொல்லிக் கேளுங்கள்.

எண்ணூர்: மாவா (பாக்கு, புகையிலை, சுண்ணாம்புக் கலவை) போடுவேன். வாய் முழுசாகத் திறக்கவில்லை. சொத்தையை அடைக்க முடியுமா?

சொத்தை அப்புறம். இன்றே மாவாவை நிறுத்துங்கள். வாயின் உள்தோல் இறுகும் நோயாக இருக்கலாம், அது புற்றுநோயாக மாறக்கூடியது. கோட்டை ஸ்டேஷன் எதிரே அரசு பல் மருத்துவமனைக்கு இந்த வாரமே போங்கள்.

ராயபுரம்: டாக்டர், கிளீனிங்குக்கு எவ்வளவு ஆகும்? பல் ஆடாதே?

ஆடாது. ஆடாது. மேலே திருவொற்றியூருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். தொகையைக் கிளினிக்கில் கேளுங்கள்.