வாயேஜர் கேட்ட சுருதி – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வாயேஜர் 1 விண்கலம் 2012 ஆகஸ்டில் சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டி வெளியே போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் அதன் பிளாஸ்மா கருவி 1980இலேயே செத்துவிட்டது என்று வேறோர் இடத்தில் படித்தேன். கருவியே இல்லாமல் வெளியிலுள்ள பிளாஸ்மாவின் அடர்த்தியை எப்படி அளந்தார்கள்? அதோடு, அங்கே பதிவான சத்தம் என்று நாசா ஓர் ஒலித்துண்டையும் வெளியிட்டிருக்கிறது. வெற்றிடத்தில் ஏது சத்தம்? நண்பர்கள் எல்லாமே கதை என்கிறார்கள். கொஞ்சம் விளக்க முடியுமா?

முருகவேல், விருதுநகர்

அன்புள்ள முருகவேல்,

சத்தத்தை முதலில் முடித்துவிடலாம். வாயேஜரில் ஒலிவாங்கி கிடையாது. அந்த ஒலித்துண்டு, ஆன்டெனாவில் பதிவான மின்புல அலைவை ஒலிபெருக்கிக்குக் கொடுத்தது, அவ்வளவுதான். மாதக்கணக்கான பதிவுகளைச் சில நொடிகளுக்குள் அடுக்கியிருக்கிறார்கள். அலைவெண் 2 முதல் 3 கிலோஹெர்ட்ஸ், அதாவது நம் காது கேட்கும் எல்லைக்குள்ளேயே இருப்பதால் இது எளிதாக முடிந்தது. ‘சத்தம்’ என்று தலைப்பிட்டது விளம்பர உத்தி. உங்கள் நண்பர்கள் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. ஆனால் அந்த அலைவெண் கதையல்ல. உங்கள் முதல் கேள்விக்கு விடையே அதில்தான் இருக்கிறது.

பிளாஸ்மா என்பது எலெக்ட்ரானும் அயனியுமாகப் பிரிந்து கிடக்கும் வாயு. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் பிளாஸ்மாதான் சூரியக் காற்று. 1980இல் சனிக்கோளைக் கடந்த கொஞ்ச நாளில் பழுதானது பிளாஸ்மாத் துகள்களை நேரடியாக எண்ணும் கருவி. ஃபாரடே கிண்ணம் என்பார்கள். கிண்ணத்துக்குள் வந்து விழும் மின்னூட்டத் துகள்களை மின்னோட்டமாக அளந்து வேகம், அடர்த்தி, வெப்பம் மூன்றையும் சொல்லும். பிளாஸ்மா அலைக் கருவி என்பது வேறு. அயோவா பல்கலைக்கழகத்தில் உருவானது. வெளியே நீட்டிக்கொண்டிருப்பவை இரண்டே கம்பிகள்: பெரிலியம் கலந்த செம்பு, ஒவ்வொன்றும் 10 மீட்டர், ஒன்றுக்கொன்று செங்குத்து. அதுவும் சொந்த ஆன்டெனா அல்ல, வானொலி ஆய்வுக் கருவியோடு பங்கிட்டுக்கொண்டது.

இரண்டு கம்பி எப்படி அடர்த்தியைச் சொல்லும்? பிளாஸ்மாவில் எலெக்ட்ரான்களைக் கொஞ்சம் ஒருபக்கமாகத் தள்ளிவிட்டால், கனமான அயனிகள் இருந்த இடத்திலேயே நின்று அவற்றைத் திரும்ப இழுக்கும். எலெக்ட்ரான்கள் திரும்பி வரும், வேகத்தில் தாண்டிப் போகும், மறுபடி இழுபடும். ஊஞ்சலைப் பலமாகத் தள்ளினாலும் மெல்லத் தள்ளினாலும் போய்வரும் நேரத்தைத் தீர்மானிப்பது கயிற்றின் நீளம். இங்கே கயிற்றின் இடத்தில் இருப்பது அடர்த்தி. கணக்கு உங்களாலேயே போட முடியும்: கிலோஹெர்ட்ஸில் உள்ள அலைவெண்ணை 8.98ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்குங்கள். ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை எலெக்ட்ரான் என்று கிடைத்துவிடும்.

இந்த முறையின் பெரிய அழகு, கருவியின் உணர்திறனை நம்பியிருக்கத் தேவையில்லை என்பது. முப்பத்தைந்து ஆண்டு குளிரிலும் கதிர்வீச்சிலும் கிடந்த பெருக்கியின் வலு என்னவாகியிருக்கும்? அலையின் உயரத்தை வைத்துக் கணக்கிட்டிருந்தால் அந்தக் கவலை இருக்கும். வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டினாலும் குறைத்தாலும் பாடகரின் சுருதி மாறாது இல்லையா, அதேதான். எண்ணுவது அலைவெண்ணை. அதை எண்ண விண்கலத்தின் கடிகாரம் ஒழுங்காக ஓடினால் போதும்.

சரி, 2012 ஆகஸ்ட் 25 அன்று நடந்தது என்ன? சுமார் 122 வானியல் அலகு தொலைவில் (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் ஓர் அலகு), உள்ளிருந்து வரும் துகள்கள் ஏறக்குறைய மறைந்தன, வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் கூடின. அப்படியானால் எல்லை தாண்டியாயிற்று என்று அன்றே அறிவித்திருக்கலாமே? முடியவில்லை, காந்தப்புலம் குறுக்கே நின்றது. வெளியே போனால் அதன் திசை மாறும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வலு கூடியது, திசையோ இரண்டு பாகைகூட மாறவில்லை. ஆகவே கலம் இன்னும் உள்ளேதான், ஏதோ புதுவிதமான ஓர் அடுக்கில் இருக்கிறது என்று ஒரு தரப்பு ஓராண்டுக்கு மேல் வாதாடியது. அது வீண் பிடிவாதம் இல்லை, தரவு அப்படித்தான் இருந்தது.

தீர்க்க ஒரே வழி அடர்த்தி. உள்ளே சூடான, மிக மெல்லிய பிளாஸ்மா: கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.002 எலெக்ட்ரான். வெளியே இருப்பது குளிர்ந்தது. எல்லையின் இருபுறமும் அழுத்தம் ஏறக்குறைய சமமாக வேண்டுமானால் குளிர்ந்த பக்கம் பலமடங்கு அடர்த்தியாக இருந்தாக வேண்டும். அலைவெண்ணில் சொன்னால், உள்ளே 400 ஹெர்ட்ஸ் அளவு, வெளியே 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல். குழம்பவே வழியில்லாத வித்தியாசம்.

ஆனால் ஊஞ்சலை யாராவது தள்ள வேண்டுமே. பிளாஸ்மா இப்படி அலைய அதன் வழியே ஒரு எலெக்ட்ரான் கற்றை பாய வேண்டும். அதற்கு அதிர்வலை வேண்டும், அதிர்வலைக்குச் சூரியனில் பெரிய வெடிப்பு வேண்டும். 2012 மார்ச்சில் சூரியன் வெடித்துக் கக்கியது அவ்வளவு தூரம் போய்ச் சேரப் பதின்மூன்று மாதம் பிடித்தது. 2013 ஏப்ரல் 9 முதல் மே 22 வரை 2.6 கிலோஹெர்ட்ஸில் தெளிவான அலைவு பதிவானது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 0.08 வரும். உள்ளே இருந்ததைப் போல் நாற்பது மடங்கு. பிறகு பழைய பதிவுகளைத் துழாவியதில் 2012 அக்டோபர், நவம்பரில் 2.2 கிலோஹெர்ட்ஸில் மங்கலாக ஒன்று அகப்பட்டது: 0.06. இரண்டையும் கோடுபோட்டுப் பின்னோக்கி நீட்டினால் ஆகஸ்ட் கடப்போடு பொருந்திப்போனது. 2013 செப்டம்பரில்தான் அறிவிப்பு வந்தது.

இதில் இரண்டு இடத்தில் வழுக்கும். ஒன்று, கருவியின் சாதாரணப் பதிவு பதினாறே அலைவரிசைகளில் வருகிறது. 1.78 கிலோஹெர்ட்ஸுக்கு அடுத்தது 3.11. நடுவில் எங்கே என்று அது சொல்லாது. அந்த இடைவெளி அடர்த்தியில் மூன்று மடங்கு. அதனால் அகன்ற அலைவரிசைப் பதிவைக் கலத்திலுள்ள நாடாவில் சேமித்து, பெரிய ஆன்டெனாக்கள் கிடைக்கும்போது வரவழைக்க வேண்டும். ஆம், 1977இல் கிளம்பிய நாடாப் பதிவுக் கருவிதான். அது ஓடாமல் போயிருந்தால் 2.6 என்ற துல்லியமே கிடைத்திருக்காது.

மற்றது இன்னும் குறும்பானது. வாயேஜரின் உள் மின்சாரம் 2.4 கிலோஹெர்ட்ஸ் மாறுமின்சாரம். அந்த இரைச்சல் 2.2க்கும் 2.6க்கும் நட்டநடுவில் கோடாக விழும். அதைப் பிளாஸ்மா என்று நம்பிக் கணக்குப் போட்டால் 0.07 என்று மிகப் பொருத்தமான ஒரு தப்பான விடை வரும்! பிரித்தறிவது கடினமில்லை. மின்சாரக் கோடு ஆண்டு முழுக்க அதே இடத்தில் நிற்கும். உண்மையான அலைவு திடீரென்று தோன்றும், நாளுக்கு நாள் கொஞ்சம் நகரும், வலு ஏறி இறங்கும், அடங்கும்.

காந்தத் திசையில் சொதப்பியது எதிர்பார்ப்புதானே தவிர வாயேஜர் 1 அல்ல என்பது பிறகு உறுதியானது. 2018 நவம்பர் 5 அன்று வாயேஜர் 2 வெளியேறியபோதும் திசை பெரிதாக மாறவில்லை. அதில் ஃபாரடே கிண்ணங்கள் உயிரோடு இருந்ததால் சூரியக் காற்று நின்றுபோனதை அன்றே நேரடியாகக் காட்டின. வெளியே போனபின் அவற்றுக்கு வேலை குறைந்துவிட்டது. மூன்று கிண்ணம் சூரியனைப் பார்த்தவை, அங்கிருந்து வருவதற்கு எதுவும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கலம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போதுதான் உருப்படியான தகவல். மின்சாரத்தை மிச்சம்பிடிக்க 2024 செப்டம்பரில் அந்தக் கருவியை அணைத்துவிட்டார்கள்.

இன்னொரு செய்தியும் உங்களுக்குப் பிடிக்கும். 2017 முதல் வாயேஜர் 1இன் பதிவுகளில் 3 கிலோஹெர்ட்ஸை ஒட்டி மிக மெல்லிய, விடாத ஒரு கோடு இருப்பதை வானியலாளர் ஸ்டெல்லா ஆக்கர் குழுவினர் 2021இல் காட்டினார்கள். சூரியன் வெடிக்காமலேயே வரும் அலைவு. அடர்த்தி 0.11 அளவு. வெடிப்புக்குக் காத்திருந்து மாதக்கணக்கில் ஒன்று என்றிருந்த அளவீடு இதனால் தொடர்ச்சியாகியது.

நண்பர்களோடு நீங்களே சரிபார்க்கலாம். அயோவா பல்கலைக்கழகமும் நாசாவின் கோள்தரவுக் காப்பகமும் இந்தப் பதிவுகளை இலவசமாகத் தருகின்றன. 2013 ஏப்ரல், மே மாதத்து அகன்ற அலைவரிசைப் படத்தை எடுங்கள். முதலில் 2.4இல் நிற்கும் கோட்டைக் கண்டுபிடித்து அதை ஒதுக்குங்கள். அதற்குக் கொஞ்சம் மேலே நகர்ந்துகொண்டிருக்கும் கோட்டின் அலைவெண்ணை அளந்து 8.98ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்குங்கள்.