அலறலுக்குள் மெட்டைத் தேடுவது எப்படி?

கேள்வி: களியக்காவிளையிலிருந்து தினமும் பஸ்ஸில் திருவனந்தபுரம் போய் வருகிறேன். நண்பன் ஒருவன் மெலடிக் கிறிஸ்தவ மெட்டல்கோர் (கனத்த கிட்டாரும் அலறலும் மெட்டும் கலந்த ராக் இசை) ஆல்பம் ஒன்றைக் கொடுத்தான். அதைப் பற்றி சபை வாலிபர் ஐக்கியத்தில் கால்மணி நேரம் பேசவேண்டும். வார்த்தை பிடிபடவில்லை, எல்லாப் பாட்டும் ஒன்றுபோலவே இருக்கிறது, நாலாவது பாட்டுக்குள் தலை வலிக்கிறது. எப்படிக் கேட்பது?

பதில்: முதலில் பஸ்ஸில் கேட்பதை நிறுத்துங்கள். என்ஜின் இரைச்சல் கிட்டாரின் கீழ் ஒலிகளை விழுங்கிவிடும். அதை மீறக் கேட்கவேண்டி சத்தத்தைக் கூட்டுவீர்கள்; கூட்டினால் சிம்பலும் அலறலும் காதைக் குத்தும். போதாததற்கு, இந்த வகை இசையை ஒலிப்பதிவிலேயே நெருக்கிப் பிழிந்து வைத்திருப்பார்கள். மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் வித்தியாசம் குறைவு என்பதால் காதுக்கு ஓய்வே இல்லை. வீட்டில் ஹெட்போனில் மூன்று பாட்டு கேளுங்கள், பிறகு கால்மணி நேரம் விடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம்தான்.

போனில் கீழ் ஒலியைக் கூட்டும் 'பேஸ் பூஸ்ட்' இருந்தால் அணைத்துவிடுங்கள். இந்தக் குழுக்கள் பலவும் கிட்டாரை 'டிராப் சி' என்ற தாழ்ந்த சுருதியில் அமைக்கின்றன. ஆறாவது தந்தி வழக்கமான 82 ஹெர்ட்ஸிலிருந்து சுமார் 65 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். பேஸ் கிட்டாரும் காலால் அடிக்கும் கிக் டிரம்மும் அதே வட்டாரத்தில்தான் இருக்கின்றன. அங்கே கூட்டினால் மூன்றும் கலந்து ஒரே உறுமலாகிவிடும். எல்லாப் பாட்டும் ஒன்றுபோல் தோன்ற அதுவும் ஒரு காரணம்.

இனி முக்கியமான விஷயம். மெட்டைக் குரலில் தேடாதீர்கள், கிட்டாரில் தேடுங்கள். 1990களில் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்துக் குழுக்கள் வளர்த்தெடுத்த இரட்டைக் கிட்டார் முறை அமெரிக்க ஹார்ட்கோர் பங்க் இசையோடு சேர்ந்துதான் இந்த வகை பிறந்தது. இரண்டு கிட்டாரும் பெரும்பாலும் மூன்றாம் சுர இடைவெளியில் (ச–க போல) சேர்ந்தே நகரும். சபைக் கொயரில் சோப்ரானோவுக்குக் கீழே ஆல்ட்டோ ஒட்டிக்கொண்டு போகுமே, அதே உறவுதான். பாமாலையை நாலு பார்ட்டில் கேட்டு வளர்ந்த காதுக்கு இதைப் பிடிப்பது எளிது. பெரும்பாலும் ஒரு கிட்டார் இடது காதிலும் மற்றது வலது காதிலும் இருக்கும். ஹெட்போனில் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். பாட்டுக்குப் பாட்டு வேறுபாடு அப்போது தெரியும்.

அலறலில் சுருதி மங்கி, உயிரெழுத்துகளும் கலங்கிப்போகும். மெய்யெழுத்துகளின் அடிதான் மிஞ்சும். அதனால் பாட்டு வரிகளை முன்கூட்டியே ஒருமுறை வாய்விட்டு வாசித்துவிட்டுக் கேளுங்கள். இரண்டாம் தடவையிலேயே காது வார்த்தைகளை எடுத்துக்கொள்ளும். பல குழுக்களில் அலறுபவரும் மெட்டாகப் பாடுபவரும் வேறுவேறு ஆட்கள். இந்த வகையைச் சேர்ந்த அண்டர்ஓத் குழுவின் 2004, 2006 ஆல்பங்களில் மெட்டுக் குரல் டிரம்மருடையது. கீர்த்தனையாக நினைத்துக்கொண்டால் சரணம் அலறலிலும் பல்லவி மெட்டிலும் வருவதுதான் பொது வழக்கம். நடுவே 'பிரேக்டவுன்' என்ற கனத்த பகுதி வரும்போது பாட்டு மெதுவானதுபோல் இருக்கும். வேகம் பெரும்பாலும் மாறுவதில்லை, ஸ்னேர் டிரம்மின் அடிதான் பாதியாகிறது.

வரிகளில் இயேசுவின் பெயர் அதிகம் வராது. 'யூ' என்றே வரும். ஆங்கிலத்துக்கு அது போதும், தமிழில் பேசப்போகும் உங்களுக்குப் போதாது. தேவனிடம் சொல்வதா, நண்பனிடமா, தன் மனதிடமா? ஒவ்வொரு 'யூ'வுக்கும் பக்கத்தில் பென்சிலால் 'நீர்' அல்லது 'நீ' என்று எழுதிப் பாருங்கள். அலறும் சரணத்தில் 'நீ'யாக இருந்தது பல்லவியில் 'நீர்' ஆகும் பாட்டு ஒன்று கிடைத்தால், உங்கள் பேச்சுக்கு அதுவே போதும். இந்த வேலையைச் செய்யாமல் ஆல்பத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கூட்டத்தில் பெரியவர்கள் "ஆராதனையில் இந்தக் கத்தல் எதற்கு" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இவை பெரும்பாலும் ஆராதனைப் பாட்டுகள் அல்ல, புலம்பல்கள் என்று சொல்லுங்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டுபோன ஆள் 69-ஆம் சங்கீதத்தில் இருக்கிறார். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸைச் சேர்ந்த 'ஹேஸ்ட் தி டே' மெட்டல்கோர் குழு தன் பெயரையே பழைய ஞானப்பாட்டு ஒன்றின் கடைசிச் சரணத்திலிருந்து எடுத்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

முழுப் பாட்டைப் போடாதீர்கள். வரிகளைத் தமிழில் வாசித்துவிட்டு, சரணத்தின் கடைசி நாலு வரியிலிருந்து பல்லவி முடியும்வரை, சுமார் 40 விநாடி போடுங்கள். கான்கிரீட் ஹாலில் கீழ் ஒலி எதிரொலித்துக் கலங்கும். ஸ்பீக்கரைச் சுவர் மூலையில் வைக்காமல் ஆட்களுக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் வையுங்கள், மிக்சரில் கீழ் ஒலிக்கான 'லோ'வைக் கொஞ்சம் குறையுங்கள். முந்தின நாளே ஹாலில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். ஆள் நிறைந்த பிறகு எதிரொலி குறையும் என்பதால் காலி ஹாலில் சுமாராகக் கேட்டாலே போதும்.