கட்டி இருப்பதால் கிட்னியையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் அக்காவுக்கு 36 வயது. நுரையீரலில் ‘லாம்’ என்ற அபூர்வ நோய். ஸ்கேனில் இரண்டு கிட்னியிலும் கட்டி தெரிந்தது. இரண்டு உறுப்பையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும் என்கிறார்கள். என் ஒரு கிட்னியைத் தரலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். லாம் நோயில் கிட்னியில் வருவது பெரும்பாலும் கொழுப்பும் ரத்தக்குழாயும் கலந்த கட்டி, புற்றுநோய் அல்ல. கட்டி இருக்கும்போதே கிட்னி நன்றாக வேலை செய்வதுதான் வழக்கம். 4 செ.மீ.க்கு மேல் வளர்ந்தால் ரத்தம் கசியும் பயம் உண்டு. அப்போதும், கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை உள்ளிருந்தே அடைத்துவிட முடியும்.

நுரையீரலுக்கும் மாத்திரை இருக்கிறது. சிரோலிமஸ் நோய் முற்றுவதைத் தாமதப்படுத்துகிறது என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. கிட்னியில் உள்ள கட்டிகளையும் அது சுருக்கும். ஆனால் நுரையீரல் மாற்று என்று முடிவானால் முன்கூட்டியே நிறுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் மூச்சுக்குழாயைத் தைத்த இடம் ஆறாமல் பிரிந்துவிடலாம்.

கிட்னியும் உண்மையிலேயே செயலிழந்தால்தான் இரட்டை மாற்று. மூளைச்சாவு அடைந்த ஒருவரிடமிருந்தே இரண்டையும் எடுத்து, முதலில் நுரையீரலைப் பொருத்துவார்கள். உடலுக்கு வெளியே அது சில மணி நேரம்தான் தாங்கும். கிட்னி ஐஸில் ஒரு நாள்கூடக் காத்திருக்கும். அப்புறம்தான் ஐ.சி.யூ.வில் இழுபறி. புது நுரையீரலில் நீர் கோத்துவிடும் என்று நுரையீரல் டாக்டர்களான நாங்கள் சலைனைக் குறைப்போம். கிட்னி டாக்டரோ கட்டிலுக்குக் கீழே தொங்கும் சிறுநீர்ப் பையைப் பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் சலைன் விடுங்கள்” என்பார். இருவர் சொல்வதும் சரிதான்! அதனால்தான் நுரையீரல் தேறும்வரை கிட்னியைச் சற்றுத் தாமதமாகப் பொருத்துவதும் உண்டு.

உங்கள் கிட்னிக்குப் பிற்காலத்தில் வேலை வரலாம். நுரையீரல் மாற்றியவர்கள், புது உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்கச் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மருந்து, நாள்பட நாள்பட கிட்னியைப் பாதிக்கக்கூடியது. உடன்பிறந்தவர் தருவதைச் சட்டம் நெருங்கிய உறவினர் தானமாகவே ஏற்கிறது. இப்போதைக்கு உங்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் கட்டுக்குள் வைத்திருங்கள், போதும்.

ஒன்று கேட்க விட்டுப்போனது. அக்கா கர்ப்பத்தடை மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா? அதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருந்தால் லாம் நோய்க்கு ஆகாது. அட்டையை எடுத்துப்போய் அவருடைய டாக்டரிடம் காட்டுங்கள்.