குழந்தைமை, பொறுப்பு – கடிதம்

வணக்கம் ஐயா,

நான் ஓர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். திருமணம் செய்துகொள்ளவில்லை. அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய மகள் எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அண்ணனுக்கு ஐம்பது வயது. எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. கோபம் வந்தால் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிவார். கொஞ்ச நேரத்தில் சிரித்துக்கொண்டே வந்து காப்பி கேட்பார். “அவனுக்குக் குழந்தை மனசு” என்று அம்மா சொல்வார். சில வருடங்களாக ஒரு சத்சங்கத்துக்குப் போகிறார். குழந்தையைப்போல் ஆகிவிட்டால் மற்றதைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று அங்கே சொல்கிறார்களாம். இப்போது வீட்டில் எதைக் கேட்டாலும் அதுவே பதிலாகிவிட்டது.

சென்ற மாதம் அண்ணன் மகள் மாடிப்படியில் ஓர் எறும்பு வரிசையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னாள். செத்த பூச்சி ஒன்றின் இறக்கையை அவை படியின் விளிம்பில் ஏற்றிக்கொண்டிருந்தன. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். என் மனதிலோ வீட்டு வரி, அம்மாவின் மாத்திரை, பால் கணக்கு. கொஞ்ச நேரம்கூட உட்கார முடியாமல் எழுந்துவிட்டேன். இரவு அதை நினைத்து அழுதேன்.

குழந்தையைப்போல் இருப்பது உண்மையிலேயே ஆன்மிகமா, பொறுப்பைத் தட்டிக்கழிக்க ஒரு சாக்கா? ஆன்மிகம்தான் என்றால், வீட்டைச் சுமக்கிறவளுக்கு அந்த வழி கிடையாதா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னைத் தைத்தது. ஆனால் முதல் கேள்வியைத் தாண்டாமல் அதற்குப் போக முடியாது.

குழந்தைகளை வளர்த்தவர்களுக்குத் தெரியும், குழந்தையிடம் எல்லாம் இருக்கிறது. கோபம், பொறாமை, பிடிவாதம், அடுத்தவன் கையில் இருப்பதைப் பிடுங்கும் ஆசை. தட்டை எறிவதும் இருக்கிறது. குழந்தை எறிந்தால் வீடு சிரிக்கிறது. ஐம்பது வயதுக்காரர் எறிந்தால் வீடு பயப்படுகிறது, ஒரு பெண் குனிந்து சோற்றைக் கூட்டி அள்ளுகிறாள். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். புனித பவுல் கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதியபோது இதைத் தெளிவாகப் பிரித்துவைத்தார்: “துர்க்குணத்திலே குழந்தைகளாயும், புத்தியிலோ தேறினவர்களாயுமிருங்கள்.”

அப்படியென்றால் ஞானிகள் குழந்தையிடம் எதைக் கண்டார்கள்? எனக்கு இதை விளங்கவைத்தது நம் சைவ மரபில் சொல்லப்படும் ஒரு வரலாறு. 13ஆம் நூற்றாண்டில், ஆகமங்கள் என்னும் சைவ சாத்திர நூல்கள் சகலமும் கற்றவர் என்பதால் சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்ற ஒரு பெரியவர் இருந்தார். ஊர் திருத்துறையூர். பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் குடும்பத்துக்கு அவர்தான் குலகுரு. பிள்ளையில்லாத அந்தத் தம்பதிக்குத் திருமுறை ஏடுகளுக்கு இடையே கயிற்றை இட்டு, அது விழுந்த பக்கத்தைப் பார்த்து, கிடைத்த சம்பந்தர் பதிகத்தைக் கொண்டு திருவெண்காட்டுக்குப் போகச் சொன்னவரும் அவரே. பிள்ளை பிறந்தது. அதைத் தாய்மாமன் திருவெண்ணெய்நல்லூருக்கு எடுத்துப்போய் வளர்த்தார். அங்கே சிறு வயதிலேயே பரஞ்சோதி முனிவரின் உபதேசம் பெற்று அந்தப் பிள்ளை மெய்கண்டார் ஆனது. பால் மணம் மாறாத பிள்ளையிடம் பாடம் கேட்க ஊர் திரண்டது. பண்டிதரின் மாணவர்களும் ஒவ்வொருவராக அங்கே போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

பண்டிதர் புறப்பட்டு வந்தார். அவர் நிலையில் யாராக இருந்தாலும் வந்திருப்பார்கள். பிள்ளை ஆணவ மலத்தை, அதாவது ‘நான்’ என்று உயிரை மறைக்கும் அழுக்கைப் பற்றிப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தது. குலகுரு வந்து நிற்கிறார், எழுந்து வணங்கவில்லை. பாடமும் நிற்கவில்லை. பண்டிதர் கேட்டார்: ஆணவத்தின் சொரூபம் எப்படி இருக்கும்? பிள்ளை நிமிர்ந்து, நின்றுகொண்டிருந்த அவரையே விரலால் சுட்டிக் காட்டியது.

அவ்வளவுதான். பெரியவர் அந்த இடத்திலேயே பிள்ளையின் காலில் விழுந்தார். அருணந்தி என்று தீட்சைப் பெயர் பெற்று அதன் மாணவரானார்.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மெய்கண்டாரைத்தான் பார்க்கச் சொல்கிறார்கள். நான் அருணந்தியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே பிள்ளையாக மாறியவர் அவர்தான். கற்ற ஆகமம் ஒன்றையும் அவர் தொலைக்கவில்லை. பன்னிரண்டே சூத்திரங்கள் கொண்ட மெய்கண்டாரின் சிவஞானபோதத்தை விரித்துச் சிவஞானசித்தியார் எழுத அந்தப் படிப்பு முழுவதும் அவருக்குத் தேவைப்பட்டது. போனது ‘நான் இந்தப் பிள்ளைக்கும் இந்தக் குடும்பத்துக்கும் பெரியவன்’ என்ற நினைப்பு மட்டும். ஞானநிட்டையில் இருப்பவர்களைப் பற்றி எழுத வந்தபோது அவர், “பாலருடன் உன்மத்தர் பசாசர் குணம் மருவி” என்று, பிள்ளை, பித்தர், பேய் ஆகியோரின் குணம் அவர்களிடம் சேரும் என்று சொல்லும்போது பாலரைத்தான் முதலில் வைத்தார். ஒரு பாலனின் விரல் தன்னை நோக்கி நீண்டதை அனுபவித்தவர் எழுதிய வரி அது. யார் பெரியவன் என்று சீடர்கள் கேட்டபோது இயேசு ஒரு பிள்ளையை அழைத்து நடுவே நிறுத்தியதும் இதே இடத்தைத் தொடுவதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

ஸ்ரீ ராமகிருஷ்ணர் இதை இன்னும் எளிமையாகச் சொல்வார். ஐந்து வயதுப் பிள்ளை நல்ல துணி உடுத்தியிருக்கிறது. கொடு என்றால், “என் அப்பா வாங்கித் தந்தது, தரமாட்டேன்” என்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஒரு சின்னப் பொம்மையைக் காட்டினால் விலை உயர்ந்த அதே துணியைப் போட்டுவிட்டு ஓடிவிடும். இப்போது சண்டை போட்ட தோழனை அடுத்த கணமே கட்டிக்கொள்ளும். பிள்ளைக்கும் பற்று வருகிறது, ஆனால் வேர்விடுவதில்லை. ‘நான்’ என்பது ஒருவருக்கு முற்றாகப் போகாதென்றால், அது கடவுளின் பிள்ளை, கடவுளின் வேலைக்காரன் என்று இருந்துவிட்டுப் போகட்டும், அந்தப் பழுத்த ‘நான்’ தீங்கு செய்யாது என்பது அவர் வாக்கு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தட்சிணேசுவரத்தில் அவர் பிள்ளையாக இருந்தபோது அவருக்கும் வருகிறவர்களுக்கும் சமைத்துக்கொண்டிருந்தவர் அன்னை சாரதாதேவி. நகபத் என்னும் அந்த நாதசுவர மண்டபத்தின் கீழ்த்தளத்தில், நிமிர்ந்து நடமாட இடமில்லாத ஓர் அறையில் ஆண்டுக்கணக்கில் இருந்தார். ஒருவரின் குழந்தைமையை இன்னொருவரின் உழைப்பு தாங்கிக்கொண்டிருந்தது. பரமஹம்சர் அதை அறிந்திருந்தார், அன்னையைத் தேவியாகவே வணங்கினார். எல்லா வீட்டிலும் அப்படி நடப்பதில்லை. ஆகவே உங்கள் சந்தேகம் நியாயமானது. குழந்தைபோல் இருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அவருடைய துணியை யார் துவைக்கிறார்கள் என்று பார்ப்பது ஆன்மிகக் குறைவு ஆகாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நீங்கள் திலகவதியாரை நினைத்துக்கொள்ள வேண்டும். பெரிய புராணத்தில் அவரை நாவுக்கரசரின் தமக்கை என்ற அளவில் படித்துவிட்டுப் போகிறோம். தாய் தந்தை இருவரும் போய்விட்டார்கள். மணம் பேசிய கலிப்பகையார் போரில் இறந்துவிட்டார். உயிரை விடத் துணிந்தவர், தம்பி காலில் விழுந்து அழுததால் அவனுக்காக உயிரோடு இருந்தார். அந்தத் தம்பியும் சமண சமயத்தில் சேர்ந்து வெகுதூரம் போய்விட்டான். அவர் திருவதிகைக்கு வந்து கோயிலில் அலகிட்டு, மெழுகி, மாலை கட்டிக்கொண்டிருந்தார். தம்பியை மீட்டுத் தரும்படி இறைவனிடம் விண்ணப்பித்தார். தானே தேடிப் போகவில்லை.

சூலை நோய் என்னும் கடும் வயிற்றுவலி வந்தபோது தம்பி தன் சமையற்காரனை அனுப்பி அக்காவுக்குச் சொல்கிறான். வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். திலகவதியார், அவன் இருக்கும் மடத்துக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லி அனுப்புகிறார். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குக் கண் கலங்குகிறது. உயிரையே எவனுக்காக வைத்திருந்தாரோ அவனுக்குத்தான் இந்த மறுப்பு. தம்பி வலியோடு இரவில் நடந்து வந்து அக்காவின் காலில் விழுகிறான். திருநீறு கொடுக்கிறார். விடிவதற்கு முன் துடைப்பமும் சாணமும் நீர்த் தோண்டியும் எடுத்துக்கொண்டு வழக்கமான வேலைக்குக் கிளம்புகிறார், அவன் பின்னால் போகிறான். தேவாரத்தில் நாவுக்கரசரின் குரல் அன்று தொடங்குகிறது.

அவர் ஒரு வேலையையும் விடவில்லை என்பதைப் பாருங்கள். தம்பியின் குணத்தைத் திருத்துவது தன் கையில் இல்லை என்று ஒப்படைத்தார், தன் கையில் இருந்த துடைப்பத்தை வைத்துக்கொண்டார். நான் புரிந்துகொண்டவரையில் வீட்டைச் சுமப்பவருக்கான குழந்தைமை இதுதான். அந்தத் தம்பி பின்னாளில் கடம்பூரில், “தன் கடன் அடியேனையும் தாங்குதல், என் கடன் பணி செய்து கிடப்பதே” என்று பாடினார். அக்காவைப் பார்த்துக் கற்றது என்று நான் நம்புகிறேன். கோயிலில் புல் செதுக்கும் உழவாரப்படையை முதிய வயதிலும் கீழே வைக்காதவர் பாடிய வரி இது. சோம்பேறியின் வாயில் இது எடுபடாது.

உங்களுக்கு வழி மூடியிருக்கவில்லை. படியில் உட்கார்ந்திருந்தபோது வரியும் மாத்திரையும் மனதில் வந்ததற்காக அழாதீர்கள், அது அன்பின் கணக்கு. ஆனால் அதற்குள் ‘நான் எழுந்து போகாவிட்டால் இந்த வீடு நின்றுவிடும்’ என்ற ஒரு குரலும் இருந்திருக்கும், இல்லையா? மாத்திரையை வேளைக்குக் கொடுப்பது உங்கள் பணி. வீடு நிற்பதும் விழுவதும் உங்கள் ஒருவர் தோளில் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பழகப் பல காலம் ஆகும், எனக்கும் அது நாள்தோறும் பழக்கம்தான். அந்தக் குழந்தை மறுபடியும் கூப்பிடுவாள். அவளுக்குத் தெரிந்த ஒன்றைக் கற்றுக்கொள்ளப் போகிற மாணவியாக அவள் பக்கத்தில் உட்காருங்கள்.

அண்ணன் விஷயத்தில் நீங்கள் காட்டும் பொறுமை அவருக்கு நல்லதில்லை. பரமஹம்சரின் சீடர் யோகின் ஒருமுறை கடைக்காரனை நம்பி, சோதிக்காமல் ஓர் இரும்புச் சட்டியை வாங்கி வந்தார். அதில் விரிசல் இருந்தது. குழந்தைபோல் இருந்த அதே குரு அவரைக் கடிந்துகொண்டார். பக்தனாக இருக்கிறாய் என்பதற்காக முட்டாளாகவும் இருக்க வேண்டுமா, கடைக்காரன் தர்மம் செய்யவா கடை வைத்திருக்கிறான் என்று கேட்டார். சத்சங்கத்துக்குப் போகும் அண்ணனுக்கு இதைச் சொல்லலாம். அம்மாவும் உடன் இருக்கும்போது, வீட்டுச் செலவில் அவர் பங்கு என்ன என்று கேளுங்கள். தட்டு பறந்தால் நீங்கள் அள்ள வேண்டாம், அண்ணியையும் அள்ள விடாதீர்கள். அவரே அள்ளட்டும்.

அன்புடன்