கோபி பிரையன்ட் ஜெர்சி: கடிதத்தை நம்பி முன்பணம் கட்டலாமா?

கேள்வி: சிறுவயதிலிருந்தே கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் என்றால் எனக்கு உயிர். 2008–09 சீசனில் அவர் போட்டு ஆடியது என்று அவருடைய அணியான லேக்கர்ஸின் 24 எண் ஜெர்சி ஒன்றை ஒரு தரகர் காட்டுகிறார். கையெழுத்து இருக்கிறது, 'ஒரிஜினல்' என்ற கடிதமும் இருக்கிறது. பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: இப்போதைக்கு ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள்.

முதலில் அந்தக் கடிதத்தை எழுதியது யார்? விற்கிற தரகரே என்றால் அது வெறும் காகிதம். வேறு நிறுவனம் சான்று தந்திருந்தாலும், அது கையெழுத்துக்கு மட்டுமா என்று பாருங்கள். கடையில் வாங்கிய ஜெர்சியிலும்தான் கோபி கையெழுத்துப் போட்டிருக்கிறார். கையெழுத்து அசல் என்பதையும் போட்டு ஆடியது என்பதையும் வேண்டுமென்றே குழப்பிப் பிழைக்கிற கூட்டம் உண்டு. 'கேம் இஷ்யூட்' என்பது இன்னொரு வலை. அவருக்காக அணி தயாராக வைத்திருந்தது, அவ்வளவுதான். போட்டு ஆடினாரா என்பது வேறு கேள்வி.

உள்ளே இருக்கும் லேபிளைப் பாருங்கள். அவர் 8ஆம் எண்ணிலிருந்து 24க்கு மாறியது 2006–07 சீசனில். அப்போதிருந்து 2017 வரை என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) ஜெர்சிகள் அடிடாஸ் தயாரிப்பு. ரீபோக் லேபிள் இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

நீங்கள் கேட்க வேண்டியது ஃபோட்டோ மேட்ச். எண்ணின் ஓரம் வலைத் துணியின் எந்தத் துளையை வெட்டுகிறது, தையல் எங்கே கோணுகிறது என்பது ஜெர்சிக்கு ஜெர்சி மாறும், கைரேகை மாதிரி. அதை ஆட்டத்தில் எடுத்த படங்களோடு ஒப்பிடுவார்கள். 2023இல் சதபீஸ் ஏலத்தில் கோபியின் 2007–08 ஜெர்சி 58 லட்சம் டாலருக்குப் போனதே, அதுவும் பல ஆட்டங்களின் படங்களோடு பொருந்தியதுதான்.

ஒரு விதிவிலக்கு: படம் பொருந்தவில்லை என்பதாலேயே போலி ஆகிவிடாது. தெளிவான படம் கிடைக்காமல் போகலாம், கிடைத்த படத்தில் எண்ணை ஒரு கை மறைத்திருக்கலாம். தொண்ணூறுகளின் ஜெர்சி என்றால் இதை நானே ஏற்பேன். ஆனால் 2008–09இல் கோபியைப் படமெடுக்காத ஆட்டமா? லேக்கர்ஸ் கோப்பை வென்ற சீசன் அது! தரகர் இந்தச் சாக்கைத்தான் சொல்வார். சொன்னால், ஆடிய ஜெர்சிக்கான விலையைக் கேட்கக் கூடாது.

இவ்வளவு டாலர் புரளும் சந்தையில் 'ஒரிஜினல்' என்று கடிதம் எழுத ஒரு உரிமம்கூடத் தேவையில்லை என்பது எரிச்சலாகத்தான் இருக்கிறது. அப்படி ஒரு விதி வரும்வரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணின் ஓரங்களை நெருக்கத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தரகருக்குத் தொடர்பில்லாத நிறுவனத்திடம் நீங்களே மேட்ச் செய்யக் கொடுங்கள். பொருந்தாவிட்டால் பணம் திரும்ப வரும் என்று எழுதி வாங்குங்கள். "வேறொருவர் கேட்கிறார், இன்றைக்கே முடிவு சொல்லுங்கள்" என்றால் அவருக்கே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.